கிழிந்த தாளுக்குப் பிறகு ஒரு 'ஓம்'

எங்கள் நூலகத்தில் சுவரை எடுக்கப் போகிறார்களாம். சுவர் என்று சொன்னாலும் அது சுவர் இல்லை. சிறுவர் பகுதிக்கும் வளர்ந்தோர் பகுதிக்கும் நடுவில் என் நெஞ்சளவு உயரத்தில் நின்ற பலகைத் தடுப்பு; அதில் ஒரு அரைக் கதவு. இனி எல்லோருக்கும் ஒரே மண்டபம், ஒரே உறுப்பினர் அட்டை. புதிதாக வந்திருக்கும் இளம் பொறுப்பாளர் பிள்ளை போனில் இதைச் சொல்லிவிட்டு, "மெடம், திறப்பு விழா மலருக்கு நீங்க ஒரு கட்டுரை தரணும். தலைப்பும் நாங்களே போட்டுட்டம்" என்றார். தலைப்பைக் கேளுங்கள்: 'வளரிளம்பருவ நாவல்களில் கள்ளமின்மையின் இழப்பு.'

எனக்குக் கொட்டாவி வந்தது. இப்படித் தலைப்புப் போட்டால் நாவலாசிரியனே எழுந்து ஓடிவிடுவான் என்று சொன்னேன். அந்தப் பிள்ளை சிரித்தார், ஆனால் தலைப்பை மாற்றவில்லை. மாற்றாததும் நல்லதுதான். போனை வைத்த பிறகு எனக்கு அந்த அரைக் கதவு ஞாபகம் வந்தது. அதோடு ஒரு வெள்ளிக்கிழமையும் வந்தது. அந்த வெள்ளிக்கிழமையை நான் யாருக்கும் முழுதாகச் சொன்னதில்லை. சம்பந்தப்பட்டவரிடம் இப்போது கேட்டுவிட்டேன். "எழுதுங்க மிஸ், பேரை மட்டும் மாத்திப் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அதனால் எழுதுகிறேன். ஊரின் பெயரும் சொல்ல மாட்டேன். கல்முனையை ஒட்டிய கரையில், தறிச் சத்தம் கேட்கும் ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நிந்தவூர்க்காரி. அட்டாளைச்சேனையில் படித்து டீச்சராகப் போக வேண்டியவள். வகுப்பறைச் சத்தம் எனக்கு ஒத்துவரவில்லை. நூலகப் பரீட்சை எழுதினேன், பயிற்சிக்குப் போனேன், புத்தகத்துக்கு இலக்கம் போடப் படித்தேன், திரும்பி வந்து வேலைக்குச் சேர்ந்தேன். அவ்வளவுதான் என் கல்விக் கதை. மிச்சமெல்லாம் தவராசா சேரிடம் பார்த்தது.

தவராசா சேர் எங்கள் பொறுப்பாளர். கல்முனைத் தமிழர். முழுக்க முஸ்லிம்கள் இருக்கிற ஊரின் நூலகத்துக்குத் திருநீறும் குடையுமாக வந்து போவார். ஊரில் யாரும் அவரை வேற்றாளாக நினைத்ததில்லை; நோன்புக் கஞ்சி முதல் வாளி அவர் வீட்டுக்குத்தான் போகும். அதிகம் கதைக்க மாட்டார். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் ஆடும். பிள்ளைகளிடம் ஒரு கேள்வியை மட்டும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை: கதை பிடித்ததா என்று. "அப்பிடிக் கேட்டா புள்ள ஓம் எண்டுதான் சொல்லும் தங்கச்சி. நாமளே பொய் பழக்கக் கூடாது" என்பார்.

சிறுவர் பகுதியில் இருக்கும் பிள்ளை பெரியவர்களின் பகுதிக்குப் போக வேண்டுமென்றால் மற்ற நூலகங்களில் வயதைப் பார்ப்பார்கள். சேர் வயதைப் பார்க்கமாட்டார். "வயசு பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில இரிக்கும். எனக்கு அது வேணாம்." அவரிடம் அட்டை இல்லாத ஒரு நாவல் இருந்தது. முகப்புத் தாளும் போய்விட்டதால் எழுதியவர் யாரென்றும் தெரியாது. அங்கால போகக் கேட்கும் பிள்ளைக்கு அதைக் கொடுப்பார். எங்கள் நூலகத்தில் 'அங்கால' என்றால் அந்த அரைக் கதவுக்கு அப்புறம். "அவன் அங்கால போயிட்டான்" என்று பிள்ளைகள் சொல்லும்போது வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் மையித்து வீடு, அதாவது சாவு வீடு, என்று நினைத்திருப்பார்கள்.

அந்த நாவலின் கதை இதுதான். மலைநாட்டில் ஒரு ரயில் கடவை. அதன் கேட்காரருக்கு ஒரு மகன், சின்னவன். தினமும் அந்தப் பக்கம் வேர்க்கடலை விற்க வரும் கச்சான்காரர் சின்னவனின் கால்சட்டைப் பையில் ஒரு பிடி கச்சான் போட்டுவிட்டுப் போவார். பனிமூட்டமான ஒரு காலையில் அப்பா கேட்டைப் போட மறந்துவிடுகிறார். கச்சான்காரர் ரயிலில் அடிபட்டுப் போகிறார். சின்னவன் அதைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தின் ஓரம் கச்சான் சிதறிக் கிடப்பதை மட்டும் பார்க்கிறான். அப்பா வீட்டுக்கு வந்து கைகழுவிச் சோற்றுக்கு முன் உட்காருகிறார். மாமா எங்கே என்று சின்னவன் கேட்கிறான். "அவர் ஊருக்குப் போயிட்டார்" என்கிறார் அப்பா, மகனின் தலையைத் தடவிக்கொண்டு.

அத்தோடு பக்கம் முடியும். அடுத்த தாள் இல்லை. கிழிந்து போன தாள். அதற்கு அடுத்த பக்கம் இப்படித் தொடங்கும்: "'ஓம்' என்றான் சின்னவன். அன்றிலிருந்து அவன் கேட்டடியில் விளையாடவில்லை."

தாளைக் கிழித்தது யாரென்று தெரியாது. சேர் பொறுப்பெடுத்தபோதே இல்லையாம். வேறு பிரதி தேடலாமே என்று ஒருமுறை கேட்டேன். "தேடாதீங்க தங்கச்சி" என்றார். அந்தக் குரலில் மறுபடி கேட்க முடியாத ஒன்று இருந்தது.

பிள்ளை வாசித்து முடித்து ஒரு சனிக்கிழமை காலையில் வரும். சேர் மேசையை உள்ளங்கையால் ஒருதரம் துடைப்பார். புத்தகத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் கையை வைப்பார். பிறகு எழுந்து போய் மின்விசிறியை நிறுத்துவார். அது நின்றபின் அந்த மண்டபத்தில் ஒரு அமைதி வரும் பாருங்கள், அங்கே இருக்கிற பெரியவர்கள்கூடத் தாள் புரட்டாமல் இருப்பார்கள். கடல் இரையும் சத்தம் மட்டும் கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு சேர் கேட்பார்: "அந்தக் கிழிஞ்ச தாளில என்ன நடந்திரிக்கும்? அவன் எதுக்கு ஓம் எண்டவன்?"

அவ்வளவுதான் பரீட்சை. சரி, பிழை சொல்ல மாட்டார். மீன் வாடிக்காரரின் மகன் ஒருவன், "கச்சான்காரர் பேயா வந்து, கச்சான் வேணுமா எண்டு கேட்டிருப்பார் சேர், அதுக்குத்தான் ஓம்" என்றான். சேரின் தோள் ஆடியது. அவனுக்கு இங்காலேயே இன்னும் ஒரு வருடம். பொலிஸ் வந்தது, பாம்பு வந்தது, மாமா சாகாமல் திரும்பி வந்தார் என்று சொன்னவர்களெல்லாம் இங்காலதான். மாவடிப்பள்ளியில் இருந்து வந்த ஒரு பையன் மட்டும், "அப்பா அழுதிருப்பார் சேர். அழுதிட்டு, உம்மாக்கிட்டச் சொல்லாத எண்டிருப்பார்" என்று சொன்னான். சேர் கண்ணைத் திறக்காமலே மேசை லாச்சியை இழுத்துப் பெரியவர் அட்டையை எடுத்தார். "பேய் வாறவன் இஞ்சால இரிக்கட்டும். பேய் இல்லாமக் கதை சொல்ற புள்ளையத்தான் அங்கால அனுப்பலாம்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இப்போது அந்தத் தலைப்புக்கு வருகிறேன். பிள்ளை பெரியவனாகிற நாவல்களை நான் நிறைய வாசித்திருக்கிறேன், நிறையப் பேருக்கு எடுத்தும் கொடுத்திருக்கிறேன். சாவைப் பார்த்தவுடன் அல்லது காதலித்தவுடன் பிள்ளையின் கள்ளமில்லாத மனம் போய்விடுகிறது என்று முன்னுரை எழுதுகிறவர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சாவைப் பார்த்த பிள்ளை மறுநாள் அந்தச் சாவையே விளையாட்டாக விளையாடும். மையித்துக் கட்டில் செய்து பொம்மையைத் தூக்கிக்கொண்டு போகும். எங்கள் கரையில் சுனாமியாகக் கடல் வந்த வருடத்துக்குப் பிறகு நான் அதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். பிள்ளை பெரிய ஆளாகிறது வேறொரு இடத்தில். அது எந்த இடம் என்று எனக்குக் காட்டியது நாவல் இல்லை. ஹஸ்னா என்ற பிள்ளை.

ஹஸ்னா அப்போது ஏழாம் வகுப்பு. தறிகாரர் தெருவில் வீடு. நின்றுகொண்டே வாசிப்பாள்; சித்திரக் கதை வாசித்தால் நூலகமே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரிப்பாள். எத்தனைதரம் அதட்டியிருப்பேன்! வாப்பா அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே விட்டுப்போனவர். உம்மா சவூதியில் வீட்டு வேலை. உம்மாவின் தங்கை, அதாவது அவளுடைய சாச்சிதான் வளர்த்தா. கூடவே மாமா, உம்மாவின் தம்பி. உம்மா வரும்போது கண் மூடித் திறக்கிற பொம்மை கொண்டுவருவா என்று என்னிடம் சொல்லாத நாளில்லை. "ஏழாம் வகுப்புக்கு வந்திட்டு என்ன பொம்மை புள்ள?" என்றால், "உம்மாக்கு நான் இன்னும் ரெண்டாம் வகுப்பு தானே மிஸ்" என்பாள்.

வெள்ளிக்கிழமைகளில் பின்நேரம் உம்மா சவூதியில் இருந்து போன் எடுப்பா. போனில் முகம் பார்த்துக் கதைக்கிறதெல்லாம் எங்கள் தெருக்களுக்கு வந்திராத காலம். சனிக்கிழமை நூலகத்துக்கு வந்தால் முதல்நாள் உம்மா சொன்னதெல்லாம் எனக்கு ஒப்பிப்பாள்.

பிறகு ஒரு காலத்தில் ஒப்பிப்பது நின்றது. சிரிப்பும் நின்றது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த வயதில் பெண்பிள்ளைகள் அப்படித்தான் திடீரென்று அடங்குவார்கள். அதே நாட்களில் அவள் தெருப் பிள்ளைகள் வேறொரு கதை கொண்டுவந்தார்கள். ஹஸ்னா வீட்டு வளவின் பின்பக்கம் ஒரு பழைய தறிக் கொட்டில். அதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் பின்நேரங்களில் உள்ளே தறி அடிக்கிற சத்தம் கேட்கிறதாம். ஜின் தறி அடிக்கிறதாம். யாரோ தண்ணீர் ஓதிக்கொண்டுவந்து வேலியோரம் தெளித்துவிட்டும் போயிருக்கிறார்கள். "நம்மட ஊர் ஜின்னுக்கும் வேலை இல்லாமப் போச்சா, கூலிக்குத் தறி அடிக்குது?" என்று நான் பகிடி பண்ணினேன். ஹஸ்னா சிரிக்கவில்லை. அன்றுதான் சேரிடம் போய், "எனக்கு அந்த அட்டையில்லாத புத்தகம் தாங்க சேர்" என்று கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை வந்தாள். சேர் மேசையைத் துடைத்தார், புத்தகத்தைக் கவிழ்த்தார், மின்விசிறியை நிறுத்தினார், கேட்டார். ஹஸ்னா யோசிக்கவே இல்லை. மற்றப் பிள்ளைகள் மேலே கூரையைப் பார்த்துக் கதை கட்டுவார்கள். இவள் சேரின் கையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அதுல ஒரு போன் வரும் சேர். கச்சான்கார மாமா தான் எடுக்கிற. நான் ஊருக்கு வந்து சேந்திட்டன் எண்டு சொல்லுவார். சின்னவன் சந்தோசமாக் கதைப்பான்."

அந்தக் கதையின் காலத்தில் கேட்காரர் வீட்டில் ஏது போன்? நான் வாயைத் திறக்கப் போனேன். சேர் கண்ணை மூடியபடியே விரலைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"மறுகா? பிறகு என்ன நடக்கும்?"

"மறுகா போனுக்குள்ள கோச்சி வாற சத்தம் கேக்கும். யன்னலுக்குள்ளாலயும் கோச்சிச் சத்தம் கேக்கும். ரெண்டும் ஒரே கோச்சி சேர். ஒரே நேரத்தில."

"அப்ப மாமா எங்க இரிக்கார்?"

"வீட்டுக்குப் பின்னால."

"சின்னவனுக்கு அது தெரியுமா மகள்?"

"ஓம்."

"ஏன் மாமா ஊருக்குப் போயிட்டன் எண்டு சொல்ற எண்டு அவன் கேக்கலியா?"

"கேக்க மாட்டான் சேர். கேட்டா அப்பாக்கு வெக்கமாப் போயிரும்."

எங்கள் கரையில் ரயிலே இல்லை. அந்தப் பிள்ளை வாழ்க்கையில் கோச்சிச் சத்தம் கேட்டிருக்கவே முடியாது. எனக்கு அது அப்போது தோன்றவில்லை. சேருக்குத் தோன்றியிருக்கிறது. மெதுவாகக் கேட்டார்: "கோச்சி எப்பிடிச் சத்தம் போடும்?"

"முதல்ல மைக்கில ரெண்டு தட்டு" என்றாள் ஹஸ்னா. "மறுகா நீளமாச் செருமுவார்."

சேர் கண்ணைத் திறந்தார். இத்தனை பிள்ளைகளைக் கேட்டவர், கேள்விக்கு நடுவில் கண்ணைத் திறந்ததை அன்றுதான் பார்த்தேன். எழுந்து மின்விசிறியைப் போட்டார். "அடுத்த கிழமை வா மகள்" என்றார். அவள் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு சேர் புத்தகத்தை எடுத்து, கிழிந்த இடத்தில் தையலோரம் ஒட்டியிருந்த கடதாசி நறுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படித்த மனிதர், அதில் ஒன்றும் இருக்காதென்று தெரியும். இருந்தும் பார்த்தார். "தங்கச்சி, மைக்கில தட்டுறது, செருமுறது… இது யாரு?" என்றார்.

அந்த ஊரில் யாருக்கும் அது தெரியும். தறிகாரர் தெருப் பள்ளிவாசலின் மோதினார் வாங்கு சொல்லுமுன் மைக்கை இரண்டு தட்டுத் தட்டுவார், பிறகு நெஞ்சுச் சளி முழுவதையும் இழுத்து ஒரு நீளச் செருமல். தொழுகைக்கு அழைக்கிற அந்த வாங்கை விடச் செருமல் தூரம் கேட்கும் என்று பகிடி பண்ணுவார்கள்.

"சவூதியிலயும் வாங்கு சொல்லுவாங்க தானே?" என்றார் சேர்.

"சொல்லுவாங்க சேர். எங்கட மோதினார் அங்க போய்ச் செரும மாட்டார்."

சேர் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "நான் போக ஏலா. பொம்பிளைகள் இரிக்கிற வீடு. நீங்க ஒரு புத்தகம் குடுக்கிற மாதிரிப் போங்க. வெள்ளிக்கிழமை போங்க" என்றார்.

போனேன். நல்ல வெயில். அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன். வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சாச்சியை எனக்கு முகம் தெரியும். இளம் வயது, இனிமையாகப் பழகுகிறவ. நிக்காஹ் பேசி முடிந்திருந்ததால் கையில் மருதாணி வைத்துப் பார்த்திருந்தா. என்னைக் கண்டதும் முகம் ஒரு கணம் கல்லானது. பிறகு, "வாங்க மிஸ், இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்" என்று உள்ளே ஓடினா. ஹஸ்னா மூலையில் நின்று என்னைப் பார்த்தாள். நான் ஏன் வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டது. டக், டக். நிறுத்தி, மறுபடியும் டக். பட்டப்பகல். வெளியே ஐஸ்கிறீம் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போகிறான். அந்தச் சத்தத்துக்குள் இந்தச் சத்தம். தறிச் சத்தம் எனக்குத் தெரியும். இதில் ஏதோ குறைந்தது. பிறகுதான் விளங்கியது. நூல் ஓடுகிற சத்தம் இதில் இல்லை. வெறும் மரம் மரத்தில் அடிக்கிறது.

"எலி மிஸ்" என்றா சாச்சி.

"உங்கட வீட்டு எலி தறி அடிக்கப் படிச்சிட்டா?" என்றேன்.

சத்தம் நின்றது. அடுத்த நிமிடம் மேசையில் இருந்த போன் அடித்தது. சாச்சி என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தா. எடுக்காமல் இருக்க வழியில்லை. "சவூதியில இருந்து ராத்தா" என்று தன் அக்காவைச் சொல்லி எடுத்து ஹஸ்னாவிடம் கொடுத்தா.

"உம்மா, நான் நல்லா இரிக்கன். நீங்க சாப்பிட்டீங்களா?" என்றாள் ஹஸ்னா. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பள்ளிக்கூடக் கதை சொன்னாள். பொம்மை மறக்க வேண்டாம் என்று சொன்னாள். முன்பு என்னிடம் சொல்லும்போது இருந்த அதே ஆசை, அதே கொஞ்சல். அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தக் குரலுக்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தமே இருக்கவில்லை. அன்று நான் பயந்தது ஜின்னுக்கு இல்லை, அந்த முகத்துக்கு.

"நானும் ஒரு ஸலாம் சொல்லட்டா?" என்று எழுந்தேன். சாச்சி கையை நீட்டுமுன் ஹஸ்னா போனை என் கையில் வைத்துவிட்டாள்.

மூச்சுச் சத்தம் கேட்டது. ஸலாம் சொன்னேன். பதில் சொன்னது ஒரு மெல்லிய குரல். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இஞ்ச ஒரே மணல்" என்றா. "பாக்கிற இடமெல்லாம் மணல் தான். வீட்டுக்கார மடம் நல்லவ. ஆனா கதவப் பூட்டிப்போட்டுப் போறா. எப்ப என்னய ஊருக்கு அனுப்புவாங்க எண்டு கேட்டுச் சொல்லுவீங்களா?"

என் இடது காதில் போன். வலது பக்கம் திறந்த யன்னல். மைக்கில் டொக், டொக். இரண்டு காதிலும். பிறகு அந்தச் செருமல், இரண்டு காதிலும். வாங்கு தொடங்கியது. யன்னலால் வந்த வாங்கும் போனுக்குள் வந்த வாங்கும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. இடையில் இரண்டரை மணித்தியால வித்தியாசமுள்ள ஒரு நாடு இருக்க வேண்டும். ஒரு கொட்டில்தான் இருந்தது.

எத்தனையோ வெள்ளிக்கிழமை வாங்குக்கு முன் போன் பேச்சை முடித்திருப்பார்கள். ஏதோ ஒரு நாள் சுணங்கி நேரம் பிந்தியிருக்கிறது. அந்த ஒரு நாள் போதுமாக இருந்திருக்கிறது.

"சாச்சி, சீனி முடிஞ்சி. நான் கடைக்குப் போயிட்டு வாறன்" என்றாள் ஹஸ்னா. என் கோப்பையின் அடியில் சீனி கரையாமல் கிடந்தது. அவள் யாரையும் பார்க்காமல் படலையைத் திறந்துகொண்டு போனாள். பெரியவர்கள் கதைக்கட்டும் என்று விட்டுப்போனாள்.

குசினி வாசலில் மாமா வந்து நின்றார். அவர் கையில் ஒரு போன். நான் என் கையில் இருந்த போனில் "ஹலோ" என்றேன். அவர் கைக்குள் இருந்து என் குரல் எனக்கே கேட்டது. அவர் அப்படியே வாசற்படியில் குந்திவிட்டார்.

சாச்சி அழுதா. அவவுக்கு அழத் தெரிந்திருந்ததே எனக்கு ஆறுதலாக இருந்தது. "ஏர்போட்டுல எறங்கக்குள்ளயே எங்களத் தெரியல்ல மிஸ். அங்க என்ன நடந்த எண்டும் சொல்லத் தெரியல்ல. மாப்பிள வீட்டார் கேள்விப்பட்டா குடும்பத்துல பைத்தியம் எண்டு விட்டுட்டுப் போயிருவாங்க. நிக்காஹ் முடியட்டும், மறுகா டொக்டர்ட்டக் காட்டுவம் எண்டு தான்… நான் ராத்தாவப் பட்டினி போடல்ல. நான் தான் ஊட்டுற, நான் தான் குளிப்பாட்டுற."

"பூட்டினதும் நீங்க தான்" என்றேன். "திறப்பத் தாங்க."

கடுமையாகச் சொன்னேன். இன்றைக்கும் அதற்கு நான் வருந்தவில்லை. அந்த வீடே ராத்தாவின் பெயரில் இருந்த வீடு. எங்கள் பக்கம் வீடு மூத்த மகளுக்குத்தான். தன் சொந்த வளவில் ஒரு பெண் ஊருக்குப் போக வழி கேட்டுக்கொண்டிருந்தா.

கொட்டிலைத் திறந்தபோது தறியில் உட்கார்ந்திருந்தா. தறியில் ஒரு இழை நூல் இல்லை. தலை வாரி எண்ணெய் வைத்து, துவைத்த சட்டை போட்டு, சுத்தமாக இருந்தா. காலடியில் கடற்கரை மணல். என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து முக்காட்டைச் சரிசெய்தா. என்னை இன்னொரு வீட்டு மடம் என்று நினைத்திருக்க வேண்டும். "நான் எப்ப ஊருக்குப் போற?" என்றா.

"இப்பவே போகலாம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். கொட்டிலில் இருந்து வீட்டுக்கு ஒரு முருங்கை மரம், ஒரு கிணறு, அவ்வளவு தூரம்தான். கிணற்றடியில் நின்றா. மரத்தைப் பார்த்தா. "ஊர் வந்திட்டா?" என்றா.

"ஓம்" என்றேன். என் வாயில் இருந்து அந்தச் சொல் எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் ஹஸ்னா சீனிப் பையோடு படலையடியில் வந்து நின்றாள். மறைத்து வைத்திருந்ததெல்லாம் முற்றத்தில் நிற்கிறது. சாச்சி முகத்தை மூடிக்கொண்டா. மாமா தலையைக் குனிந்துகொண்டார். உம்மா மட்டும் அவளை மேலும் கீழும் பார்த்து, "என்ட கிளி… இவ்வளவு வளந்திட்டாய்" என்றா. பிள்ளை இப்போது கத்தும், எல்லோரையும் கேட்கும், கேட்க வேண்டும் என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டு நின்றேன்.

ஹஸ்னா சாச்சியைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். பிறகு சீனிப் பையைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு உம்மாவிடம் போனாள்.

"எப்ப உம்மா வந்த?" என்றாள். "பிளைட் சுணங்கிட்டா?"

பிறகு நடந்ததெல்லாம் நடக்க வேண்டியவைதான். ஆஸ்பத்திரி, மருந்து, மறுபடி ஆஸ்பத்திரி. நிக்காஹ் சுணங்கியது, ஆனால் நின்றுபோகவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சாச்சி பயந்த அளவுக்கு மோசமானவர்கள் இல்லை. திங்கட்கிழமை நூலகத்தில் நான் சேரிடம் எல்லாம் சொன்னேன். பிளைட் என்று அந்தப் பிள்ளை கேட்டதைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு பெரியவர் அட்டையை எடுத்து ஹஸ்னாவின் பெயரை எழுதினார். "இத அவவுக்குக் குடுக்கிறதுக்கு எனக்கு விருப்பமில்ல தங்கச்சி. குடுக்காமலும் ஏலா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்த நாவலை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கவில்லை. ஓய்வுபெறும் நாள்வரைக்கும் மின்விசிறியை நிறுத்தவுமில்லை. வயதைப் பார்த்தே அட்டை கொடுத்தார்.

புதிய பொறுப்பாளர் பிள்ளைக்கு இந்தக் கதை தெரியாது. ஆனால் அட்டையில்லாத அந்தப் புத்தகத்தைச் சாமான் அறையில் கண்டெடுத்திருக்கிறார். எங்கேயோ ஒருவரிடம் முழுப் பிரதி இருக்கிறதாம், கிழிந்த தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ஓம் எதற்கு என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, கேட்காமல், தன்னிலும் பெரியவர்களுக்காகச் சொல்கிற ஓம் அது. நாவல்களில் பிள்ளை பெரிய ஆளாகிறது அந்தச் சொல்லில்தான். முன்னுரை எழுதுகிறவர்கள் வேறு என்னவும் எழுதட்டும்.

போன பெருநாளுக்கு ஹஸ்னா வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது அவள் டீச்சர். உம்மா நன்றாக இருக்கிறா. மருந்து மட்டும் விடாமல் போகிறது. வந்தவர்களுக்கெல்லாம் சவூதிக் கதை சொல்லிக்கொண்டிருந்தா. கொட்டில் அவவுக்கு இன்றுவரை கொட்டில் இல்லை. அதுவும் சவூதிதான்.

"எல்லா மடத்திலயும் அந்தக் கடைசி மடம் தான் நல்லவ" என்றா. "பூட்டி வச்சா தான். ஆனா தலைக்கு எண்ணெய் வச்சி வாரி விடுவா. வாரக்குள்ள சில நாளைக்கு அழுவா. ஏன் அழுறா எண்டு எனக்குத் தெரியா. அவக்கும் ஒரு கஷ்டம் இருந்திரிக்கும், என்ன மகள்?"

சாச்சி வட்டிலப்ப இனிப்புத் தட்டோடு அந்த இடத்திலேயே நின்றுவிட்டா.

ஹஸ்னா எழுந்து போய் அந்தத் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"ஓம் உம்மா" என்றாள்.